மறைக்காத உயிரணு



செகந்திராபாத்திலிருந்து தார்நாகா வழியாக உப்பலுக்குப் பேருந்தில் செல்பவராயின், ஹப்சிகுடாவில் ஒரு பெரிய ஆராய்ச்சி வளாகத்தை நீங்கள் அநேகந்தரம் கடந்திருப்பீர்கள். உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் என்பது அதன் பெயர், சி.சி.எம்.பி. என்றால் ஆட்டோ ஓட்டுநருக்கும் தெரியும். 1977ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அம்மையம் புஷ்ப மித்ர பார்கவா அவர்களை முதல் இயக்குநராகக் கொண்டு வளர்ந்தது. 1987 நவம்பரில் அதன் வளாகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இந்நகரத்துக்குப் பிழைக்க வந்த நம்மில் பலர், அதன் மதிலைத் தவிர வேறெதையும் கண்டதில்லை.

வீட்டுக் கூட்டத்தைச் 'செல் குரூப்' என்று சொல்லப் பழகிவிட்டோம். அச்சொல் எங்கிருந்து இரவலாக வந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. கொரிந்து சபைக்கு எழுதிய பவுல், கண், காது, கை, கால் என்னும் அவயவங்களைக் காட்டி ஐக்கியத்தை விளக்கினார். உயிரணுவை அக்காலத்தார் எவரும் கண்டிலர். 1665ஆம் ஆண்டு ராபர்ட் ஹூக் தக்கைத் துண்டொன்றைப் பெருக்காடியில் கண்டு எழுதியபோதுதான், சிற்றறை என்று பொருள்படும் 'செல்' என்ற பெயர் அதற்கு வந்தது.

உங்கள் சரீரத்தில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி உயிரணுக்கள் உண்டு. அவற்றுள் எதுவும் தனித்து வாழ்வதில்லை. ரீட்டா லெவி மொன்டால்சினி என்ற அம்மையார் நரம்பணுக்களை ஆராய்ந்து, ஸ்டான்லி கோஹனோடு 1986இல் நோபல் பரிசு பெற்றவர். கருவில் நரம்பணுக்கள் தேவைக்கு மிஞ்சியே உண்டாகின்றன. தான் சென்று சேரும் திசுவிலிருந்து ஒரு வளர்ச்சிப் பொருளைப் பெறுகிற நரம்பணு பிழைக்கிறது, பெறாதது மடிந்துபோகிறது. அதைக் கொல்வதற்கு எந்தச் சத்துருவும் வேண்டியதில்லை. 'நீ இருக்கிறாய் என்று அறிவேன்' என்பதுபோன்ற அந்தச் சமிக்ஞை வராததே போதும். காலையில் ஊரிலிருந்து வந்திறங்கி, மொழி புரியாத தெருவில் மாலைவரை ஒருவரோடும் பேசாமல் நின்றவர்களுக்கு இது விளங்கும்.

ஆயினும் உயிரணுக்களின் நம்பிக்கை கண்மூடித்தனமானதன்று. உட்கரு உள்ள ஏறத்தாழ எல்லா உயிரணுக்களும், தங்களுக்குள் உண்டாகும் புரதங்களின் சிறு துணுக்குகளை எடுத்து வெளிப்புறத்தில் ஏந்திக் காட்டுகின்றன. சுற்றிவரும் டி அணுக்கள் அவற்றைத் தொட்டுப் பார்க்கின்றன. வைரஸின் துணுக்கு தென்பட்டால் அவ்வணு அழிக்கப்படுகிறது. பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் 1970களில் கண்டறிந்து, 1996இல் நோபல் பரிசு பெற்றது இச்சோதனையைக் குறித்தே. எதையும் காட்டாமல் மூடிக்கொண்டால் தப்பிவிடலாமே என்று கேட்பீர்கள். அப்படிக் காட்டாதவற்றையே தேடி அழிக்க வேறொரு வகை அணுக்கள் உலாவுகின்றன. குற்றம் கண்டதனால் மட்டுமல்ல, கணக்கைக் காட்டாததனாலும் சந்தேகம் வருகிறது. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு.

மனிதர் நடுவிலும் இப்படிப்பட்ட பின்னல்கள் இந்நகரைச் சார்ந்து எழுந்தன. ஐதராபாத்தில் இயங்கிய கூட்டுறவு வளர்ச்சி அமைப்பொன்று வாரங்கல், கரீம்நகர் கிராமங்களில் பெண்களின் சிக்கனச் சங்கங்களை வளர்த்தது. பெண்கள் தங்கள் சொந்தச் சேமிப்பைத் தங்களுக்குள்ளே கடனாகக் கொடுத்து வாங்கினார்கள். அரசின் பங்குப் பணம் இல்லாமல் தாங்களே ஆளும் சங்கங்களுக்கென்று 1995இல் ஆந்திரப் பிரதேசம் தனிச் சட்டமும் இயற்றிற்று. அதன்பின் வந்தது வேறு கதை. நுண்கடன் நிறுவனங்கள் வெளியிலிருந்து பெரும் பணத்தைக் கொண்டுவந்து, பெண்களைச் சிறு குழுக்களாக்கி, ஒருவருக்கொருவர் பிணை என்று வைத்துக் கொடுத்தன. ஒரே வீட்டில் மூன்று, நான்கு கடன்கள் ஏறின. அண்டை வீட்டாரே வசூலுக்கு வாசலில் நிற்கும் நிலை வந்தது. தற்கொலைச் செய்திகள் வெளிவந்தபின், 2010 அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆரோக்கியமான உயிரணு தன் அயலணுவைத் தொட்டவுடன் பெருகுவதை நிறுத்திக்கொள்ளும். அந்தத் தொடுதலை உணராமல் பெருகுவதற்குப் புற்று என்று பெயர். குழு என்ற பெயர் இரண்டிலும் இருந்தது. முன்னதில் பெண்கள் தங்கள் பணத்தை எண்ணினார்கள், பின்னதில் தவணையை எண்ணினார்கள்.

பிறரைச் சொல்லிவிட்டு எங்களை மறைப்பது நியாயமன்று. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் பதினான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து சீட்டுப் போட்டோம். பதிவு செய்யவில்லை, 1982ஆம் ஆண்டுச் சீட்டுச் சட்டத்தை எங்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. நடத்திய சகோதரரிடம் நோட்டைக் காட்டும்படி ஒருவரும் கேட்டதில்லை. 'விசுவாசியிடம் கணக்குக் கேட்பதா?' என்ற கூச்சமே காரணம். ஏழாம் மாதம் அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். மகளின் நர்சிங் கட்டணத்துக்கென்று காத்திருந்த விதவைத் தாய் ஒருவர், அதன்பின் ஓராண்டு எங்கள் வீட்டுக் கூட்டத்துக்கு வரவில்லை. நாங்களும் வெட்கத்தினால் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. பணத்தைக் காட்டிலும் இந்த இரண்டாம் பிழையே எனக்கு இன்றளவும் பாரமாயிருக்கிறது. கடைசியில் என் மனைவிதான் தனியாகப் போய் அவரை அழைத்துவந்தாள்.

இப்போது சீட்டு இல்லை. மருத்துவச் செலவுக்கென்று வீட்டுக்கு நூறு ரூபாய் மாதந்தோறும் ஒரு பெட்டியில் சேர்கிறது. கூட்டம் முடிந்தவுடன் நோட்டை மேசையின்மேல் விரித்து வைக்கிறோம்; ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் உரத்த சத்தமாய் வாசிக்கிறான். சென்ற மாதம் நாற்பது ரூபாய் குறைந்தது. தேநீர் ஆறிப்போக, அரைமணி நேரம் எல்லாரும் தேடினோம். கண்டுபிடித்தவர் அந்தத் தாய்தான். பிழை இருந்தது என் பெயருக்கு நேரான வரியில்.