ஆகுமான தீவனம் எது?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசியிலும் பிரானூர் பார்டரிலும் நாட்டுக்கோழிக்குக் கிராக்கி ஏறிவிடுகிறது. பக்ரீத் நெருங்கினால் கடையநல்லூர், வடகரை, பொட்டல்புதூர் பகுதிகளில் கிடாய்க்கும் அப்படியே. வாங்குவோரில் பலர் ஹலால் பார்த்து வாங்குபவர்கள். ஹலால் என்பது அறுக்கும் முறையைப் பற்றியது மட்டுமே என்று நம் உழவர்கள் எண்ணுகிறார்கள். பிராணி எதைத் தின்று வளர்ந்தது என்பதும் அதில் சேர்ந்ததே.

அசுத்தம் தின்று வளரும் பிராணியை இஸ்லாமியச் சட்ட நூல்கள் 'ஜல்லாலா' என்கின்றன. அதைக் கட்டி வைத்து, சில நாள் தூய தீவனம் கொடுத்த பிறகே அறுக்க வேண்டும். கோழிக்கு 3 நாள் என்பது பலரும் சொல்லும் கணக்கு. ஆடு, மாடுகளுக்கு நாள் கூடும்; அதில் கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஜமாஅத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

அரசு விதி என்ன சொல்கிறது? பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்க்கும் பிராணிகளுக்கு மாடு, பன்றியிலிருந்து பெறும் இறைச்சித் தூள், எலும்புத் தூள், இரத்தத் தூள் கலந்த தீவனம் கொடுக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. இதற்குத் தக்க காரணம் உண்டு. 1986இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட 'பைத்தியமாட்டு நோய்' இத்தகைய தூள்களை மாடுகளுக்கு ஊட்டியதால்தான் பரவியது. ஆனால் கோழி, பன்றி, மீன் ஆகியவற்றுக்கு இத்தடை கிடையாது. எனவே கோழித் தீவன மூட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்டறிவது உங்கள் பொறுப்பாகிறது. தாது உப்புக் கலவையிலும் சுண்ணாம்புச் சத்து, மணிச்சத்துக்காக எலும்பிலிருந்து எடுத்த பொருள் சேரலாம். பாறையிலிருந்து எடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

சீசன் காலத்தில் ஓட்டல் எச்சில் சோறும், கறிக்கடைக் கழிவும் இலவசமாகக் கிடைக்கின்றன. காசு மிச்சம் என்று அவற்றைக் கோழிக்கும் ஆட்டுக்கும் போடுகிறார்கள். சோறு மிகுதியானால் ஆட்டின் வயிற்றில் புளிப்பு ஏறி, உப்புசம் கண்டு சாகும். கழிவு தின்ற கோழி நோயையும் கூடவே வாங்கி வரும். வாடிக்கையாளரின் நம்பிக்கையும் போய்விடும்.

சாரல் ஈரத்தில் கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் பூசணம் பிடிக்கும். அதில் உண்டாகும் 'அப்ளாடாக்சின்' என்னும் நச்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். மாட்டின் பாலிலும் இறங்கும். மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகைமேல் அடுக்குங்கள். பூசணம் கண்ட புண்ணாக்கை வெயிலில் காயவைத்துக் கொடுத்தாலும் நச்சு போகாது.

ஹலால் முத்திரை உள்ள தீவனம் வாங்கினால்தான் விலை கிடைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். தேவையில்லை என்பது என் கருத்து. 2024 அக்டோபரில் மத்திய அரசு கொண்டுவந்த ஹலால் சான்று விதி, குறிப்பிட்ட நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் இறைச்சிக்கானது. பாவூர்சத்திரத்தில் நாலு கிடாய் விற்பவரை அது கட்டாயப்படுத்தாது. முத்திரைக்குக் கூடுதல் விலை கொடுப்பதைவிட, சேர்மானங்களை எழுத்தில் அச்சிட்ட, ஐ.எஸ்.ஐ. குறியுள்ள மூட்டையைக் கேட்பதே சிறு உழவருக்கு லாபம். எல்லாச் சேர்மானங்களையும் மூட்டையில் அச்சிடும்படி தீவன ஆலைகளை அரசு கண்டிப்புடன் நடத்த வேண்டும்.

வீட்டிலேயே கலப்பது அதனினும் மேல். ஆட்டுக்கு மக்காச்சோளம் 40 கிலோ, கடலைப் புண்ணாக்கு 25, தவிடு 32, தாது உப்பு 2, சாப்பாட்டு உப்பு 1 கிலோ கலந்தால் 100 கிலோ அடர்தீவனம் கிடைக்கும். வளரும் கிடாய்க்கு நாள் ஒன்றுக்கு 200 கிராம், அகத்தி, வேலிமசால் போன்ற பசுந்தழையுடன் கொடுக்கலாம். என்ன வாங்கினோம், என்றிலிருந்து கொடுத்தோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாங்க வருபவரிடம் அந்த நோட்டை எடுத்துக் காட்டுங்கள். நம் சந்தைக்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.