காவலனின் எல்லை எது?

இணைய விளையாட்டுகளில் மோசடியைத் தடுப்பது நியாயமே. எனினும், 2020இல் வலோரன்ட் விளையாட்டுடன் வந்த வான்கார்ட் மென்பொருள், கணினி இயங்கத் தொடங்கும்போதே இயங்குதளத்தின் மையத்தில் அமருமாறு வடிவமைக்கப்பட்டது.

சவளக்கடை, கல்முனை போன்ற எமது ஊர்களில் பிள்ளை விளையாடும் கணினியிலேயே குடும்பத்தின் வங்கிக் கணக்கு விபரங்களும் புகைப்படங்களும் இருப்பதுண்டு. நிறுவனங்கள் அவற்றைத் திருடுவதாக நாம் கூறவில்லை. அத்தகைய அதிகாரம் பிறர் கையில் சிக்கினால் என்னவாகும் என்பதே எமது கவலை. 2022இல் ஜென்ஷின் இம்பெக்ட் விளையாட்டின் மோசடித் தடுப்பு மென்பொருளைக் கருவியாக்கியே, கப்பம் கோருவோர் கணினிகளின் வைரஸ் காப்பை முடக்கினர்.

அதே ஆண்டில் நிறைவேறிய எமது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரதான ஏற்பாடுகளோ, 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த நிலையில் பிற்போடப்பட்டன. சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகிவிடக் கூடாது. காவலுக்கு வந்தவன் வீட்டுச் சாவியைக் கேட்டால், ஏனென்று வினவும் உரிமை வீட்டாருக்கு உண்டு.