பட்டுக்கும் பழத்துக்கும் ஒரே முத்திரை... பெயர் கிடைத்தால் மட்டும் போதுமா?

காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டை, தறி தெரிந்த ஊர். 'புவிசார் குறியீடு' என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. காஞ்சிப் பட்டுக்கு 2005-06-லேயே அது கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் விசைத்தறிச் சேலைகள் காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விலை போகின்றன என்பதும் நெசவாளர் வீடுகளுக்கு நன்றாகவே தெரியும்.

இதே முத்திரை நம் ஊர் வாழைப்பழத்துக்கும் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் விருப்பாட்சி மலை வாழையும் சிறுமலை மலை வாழையும் 2008-09-ல் அதைப் பெற்றன. பழநி பஞ்சாமிர்தத்துக்கு உயிர்நாடியே இந்த மலை வாழைதான். சின்னதாக, வளைந்து, தடித்த தோலோடு இருக்கும். மணம் தூக்கலாக, நீர்ச்சத்து குறைவாக இருப்பதால் சீக்கிரம் கெடாது. நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காயோடு பிசையும்போது பஞ்சாமிர்தம் நீர்த்துப் போகாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். அந்தப் பஞ்சாமிர்தமும் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது.

ஆனால், பெயர் வருவதற்கு முன்பே இந்தப் பழம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும் நிலைக்கு வந்திருந்தது. 1970-களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலை வாழை, பிறகு 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டதாக ஆய்வுக் கட்டுரைகள் குறிப்பிடுகின்றன.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

காரணம், முடிக்கொத்து நோய். இது ஒரு வைரஸ். 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்ததாகச் சொல்லப்படுகிறது. நோய் வந்த வாழையில் புது இலைகள் விரியாமல், குறுகி, உச்சியில் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். இலைக்காம்பில் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாகத் தெரியும். சின்னதிலேயே நோய் தாக்கிய மரம் தார் போடாது.

இந்த வைரஸைப் பரப்புவது வாழை அசுவினி என்ற சின்னஞ்சிறு பூச்சி. அதைவிடப் பெரிய ஆபத்து, நாமே எடுத்து நடும் பக்கக்கன்று. தாய் மரத்துக்கு நோய் இருந்தால் கன்றுக்கும் இருக்கும். நோயை குணப்படுத்த இன்றுவரை மருந்து கிடையாது.

மலையில் காபி, மிளகு, நிழல் மரங்களுக்கு நடுவே மழையை நம்பி, அதே தோட்டத்தில் வருடக்கணக்கில் நிற்கும் பயிர் இது. ஒரு மரத்துக்கு வந்தால் மலை முழுக்கப் பரவ அதுவே வசதியாகிவிட்டது.

ஆய்வுக்கூடம் செய்த வேலை

இங்கேதான் அரசின் பணம் வேலை செய்தது. 1993-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. அந்த மையமும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை நிதியும் மலை வாழைக்குத் துணை நின்றன. கீழ்ப்பழநி மலையில் தடியன்குடிசையில் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

முறை இதுதான். நல்ல தாய் மரத்தைத் தேர்ந்தெடுத்து, வைரஸ் இருக்கிறதா என்று முதலில் பரிசோதிப்பார்கள். இல்லை என்று உறுதியான பிறகே அதன் நுனித் திசுவை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, ஆயிரக்கணக்கில் கன்றுகளாகப் பெருக்குவார்கள். இப்படி வரும் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்று வழங்க 2006-ல் தேசிய அளவில் தனி ஏற்பாடும் வந்தது.

ஆனாலும், சுத்தமான கன்றை நோயுள்ள தோட்டத்துக்குப் பக்கத்தில் நட்டால் அசுவினி மறுபடியும் அதைக் கெடுத்துவிடும். ஆகவே, ஒரு முறை கன்று கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட முடியாது. வருடா வருடம் புதுக் கன்று, பரிசோதனை, நோயுற்ற மரங்களை அகற்றும் கண்காணிப்பு என மூன்றும் நிற்காமல் நடக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா கற்ற பாடம்

இதை நூறு வருடங்களுக்கு முன்பே அனுபவித்த நாடு ஆஸ்திரேலியா. 1913-ல் அங்கே தென்பட்ட இதே நோய், 1920-களின் நடுவில் நியூ சவுத் வேல்ஸ் எல்லைப் பகுதி வாழைத் தோட்டங்களை ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டது. அரசு பணம் ஒதுக்கி ஆய்வு செய்யச் சொன்னது. நோயைப் பரப்புவது அசுவினி என்று மேகி என்ற விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு சட்டம் வந்தது. நோயுற்ற மரத்தை அழித்தே ஆக வேண்டும், அனுமதியில்லாமல் கன்று நடக் கூடாது, ஆய்வாளர்கள் தோட்டம் தோட்டமாக வந்து பார்ப்பார்கள். அங்கே வாழை மீண்டும் தழைத்தது. ஆய்வு, சட்டம், கண்காணிப்பு மூன்றும் சேர்ந்துதான் அதைச் சாதித்தன.

உங்கள் வீட்டுக் கொல்லையிலும்...

'மலையில் நடப்பதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்று நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டில் வாழைக்கன்று வாங்கி நடுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். கன்றோடு நோயையும் வாங்கி வந்துவிடக் கூடாது.

* கன்று எடுப்பதற்கு முன் தாய் மரத்தின் உச்சியைப் பாருங்கள். இலைகள் கொத்தாகக் குறுகி நின்றால் அந்தக் கன்று வேண்டாம்.

* உங்கள் மரத்திலேயே அறிகுறி இருந்தால், முதலில் அசுவினியைக் கொல்லும் மருந்தை அடித்துவிட்டு, பிறகு கிழங்கோடு தோண்டி அழியுங்கள். அப்படியே வெட்டினால் பூச்சி பறந்து அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

* வாழையில் எறும்புச் சாரை அதிகம் தெரிந்தால், இலைக்காம்பின் இடுக்கில் அசுவினி இருக்கிறதா என்று பாருங்கள்.

* சந்தேகம் இருந்தால் வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

புவிசார் குறியீடு பெயரைத் திருட்டிலிருந்து காப்பாற்றும். ஆனால், பயிரை நோயிலிருந்து காப்பாற்றாது. பயிர் இல்லாவிட்டால் அந்தப் பெயருக்கும் வேலையில்லை. குறியீடு கிடைத்த நாளில் மாலையும் பாராட்டும் குவிகின்றன. அடுத்த வருடம் எத்தனை சுத்தமான கன்றுகள் மலைக்குப் போயின என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு பட்ஜெட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.