வெக்கையைத் தணித்த வெண்திரை

ஞாயிறு காலை. ஒரகடத்தில், இரவு முறை வேலை முடித்து வந்த இளைஞர் அறுவர், வாடகை அறையொன்றில் ஒரே கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து 'அசுரன்' படத்தை மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தனர். படிக்க நூல் கொடுக்கச் சென்ற நான் வாயிலிலேயே நின்றேன். இடைவேளைக்கு முந்திய சண்டை! அதுவரை அடங்கிக் கிடந்த சிவசாமி எழுகிறான், எதிரிகள் சரிகின்றனர், அறை ஆர்ப்பரிக்கிறது. "நமக்கும் ஒரு சிவசாமி வந்தாத்தாண்ணே விடியும்" என்றான் தம்பி ஒருவன்.

என் பையில் பூமணியின் 'வெக்கை' இருந்தது. அதனை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால், அவன் உரைத்த சொல் என்னை விட்டபாடில்லை.

தோழர்களே! 1982-இல் வெளிவந்த அந்தப் புதினத்திலே சிவசாமி என்றொரு வீரன் இல்லை. பதினைந்து வயதுச் சிறுவன் சிதம்பரம் இருக்கிறான். அண்ணனைப் பலிகொண்ட வடக்கூரானை வெட்டிவிட்டு இருளில் ஓடுகிறான். கதையே அங்கேதான் தொடங்குகிறது. பிறகு எட்டு நாட்கள் தந்தையும் மகனும் காட்டிலும் மேட்டிலும் பதுங்குகின்றனர், கிடைத்ததைச் சமைத்து உண்கின்றனர், மெல்லப் பேசிக்கொள்கின்றனர். சுற்றமோ அந்தச் சிறுவன் செய்ததைத் தான் செய்ததாகவே எண்ணித் தாங்குகிறது. முடிவில் இருவரும் நீதிமன்றம் நோக்கி நடக்கின்றனர். ஒருவன் பலரைச் சாய்க்கும் வித்தை ஏது அங்கே? குமைவது ஒரு குடும்பம். கொதிப்பது ஓர் ஊர். அதனால்தான் நூலுக்குப் பெயர் 'வெக்கை'!

2019-இல் வெற்றிமாறன் இதைப் படமாக்கினார். கதையின் நடுவிலிருந்த சிறுவன் நகர்த்தப்பட்டான். தந்தை நடுவே வந்தான். தனுஷ் வடிவில் வந்தான்! இடைவேளைக்குப் பிறகு நீண்டதொரு முன்கதை, அதுவும் தந்தையின் கதை. மகன் தொடக்கத்தில் தந்தையைக் கோழையென்று இகழ்கிறான். பின்னர் அவன் பேராற்றல் கண்டு வியக்கிறான். இறுதியில் தந்தை மட்டும் பழியை ஏற்கச் செல்கிறான். மகனுக்குப் படிக்கும்படி அறிவுரை எஞ்சுகிறது. நல்ல அறிவுரைதான், மறுக்கவில்லை. ஆனால், சினந்து எழுந்த கை எங்கே? அது பிழை செய்த பிள்ளையின் கையாகிவிட்டதன்றோ!

எளியவன்போல் தோன்றி, வேளை வந்ததும் பேருருக் காட்டுவது யாருடைய வழக்கம்? புராணிகனுடைய வழக்கம்! 'அசுரன்' என்ற சொல்லை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு, கதை சொல்லும் முறையை அவதாரப் புராணத்திலிருந்து எடுத்துக்கொண்டனர். 2021-இல் தெலுங்கிலே மீண்டும் எடுத்தபோது படத்தின் பெயர் 'நாரப்பா'. நாயகனின் பெயரே அது! வெக்கை என்னும் நிலைமை அசுரன் என்னும் ஆளாகி, ஆளும் ஒரு தனிப்பெயராய்ச் சுருங்கிய பயணத்தைப் பாருங்கள்.

படம் செய்த நன்மையை மறைப்பது நேர்மையன்று. நூல் வெளிப்படையாய்ப் பெயரிடாத சாதிக் கொடுமையைப் படம் உரக்கச் சொல்லிற்று. செருப்பணிந்ததற்காக இழிவுபட்ட பெண்ணைக் காட்டிற்று. 1968 டிசம்பர் 25-இல் 44 உயிர்களைத் தீக்கிரையாக்கிய கீழ்வெண்மணியை நினைவூட்டும் நெருப்பைக் காட்டிற்று. பஞ்சமி நிலம் என்ற சொல்லைக் கொட்டகைதோறும் ஒலிக்கச் செய்தது. அந்நிலத்தின் வரலாறு நமக்கு அயல் அன்று. 1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்கீர் எழுதிய அறிக்கையும் 1892-ஆம் ஆண்டு ஆணையும் அதன் ஊற்று. திருப்பெரும்புதூர் அன்று அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததே. இவ்வளவு வரலாற்றைச் சேர்க்கத் துணிந்தவர்கள், அதைச் சுமக்க ஒற்றைத் தோள்தான் உண்டென்று ஏன் நினைத்தார்கள்? அதுவே என் வழக்கு.

"நட்சத்திரம் இல்லாமல் படம் ஓடுமா?" என்பர் வணிகம் அறிந்தோர். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து வித்தை மட்டும் எடுத்து, 1979-இல் மகேந்திரன் 'உதிரிப்பூக்கள்' படைத்தார். மாற்றம் அங்கும் உண்டு, மிகப் பெரிய மாற்றம்! ஆயினும், நடுவில் நிற்பவன் கொடியவன். அவனுக்குத் தீர்ப்பளிப்பது ஊர். மாற்றுவது குற்றமன்று, பலருடைய வேலையை ஒருவனுக்கு எழுதிக் கொடுப்பதே குற்றம்.

ஒரகடத்திலிருந்து சில கல் தொலைவில் உள்ளது சுங்குவார்சத்திரம். 2024 செப்டம்பர் 9 முதல் அங்கே சாம்சங் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கம் வைக்கும் உரிமை முதன்மைக் கோரிக்கை. 2025 சனவரியில் சங்கம் பதிவாயிற்று. எந்தச் சிவசாமி வந்தான்? சாப்பாட்டுத் தூக்கோடு வந்து பந்தலில் அமர்ந்தவர்கள் வந்தார்கள்!

சென்ற வாரம் அந்தத் தம்பி நூலைத் திருப்பிக் கொடுத்தான். "இதுல சண்டையே இல்லையேண்ணே" என்றான். சிறிது நேரம் நின்றான். "அந்தப் பையனுக்குக் கோர்ட்டுல என்னாச்சு?" என்று கேட்டான். பூமணி அதை எழுதவில்லை என்றேன். நூலை மறுபடியும் வாங்கிக்கொண்டு, பக்கத்து அறைப் பையன் கேட்டிருக்கிறான் என்று சொல்லி எடுத்துச் சென்றான்.