பழைய துண்டுகளிற் புதிய நகர்

இங்கிலாந்தில் மாதிரிப் புகையிரதப் பாதை அமைப்போர் சிலர், இளமையில் ஒட்டிய பிளாஸ்டிக்குக் கட்டடங்களை எறிந்துவிட்டுப் புதியன வாங்குவர். அது தக்கதன்று என்பதே எமது கருத்து.

ஏயர்பிக்ஸ் நிறுவனத்தார் 1950களின் பிற்பகுதி முதல் வெளியிட்ட நிலையம், சமிக்ஞைக்கூடம், எஞ்சின் கொட்டில் முதலியன 1:76 அளவின. கொட்டில் இரண்டை அறுத்து இணைப்பின், நீண்ட ஆலையொன்று எழும். ஒட்டுநீர் பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கியிருக்குமாதலின், ஒட்டைப் பிளக்க முயலாது அதனருகே மெல்லிய வாளால் அறுத்தல் வேண்டும். பளபளப்பை மங்கிய வர்ணம் மறைக்கும்.

அளவில் மாத்திரம் கவனம் வேண்டும். இரண்டு மீற்றர் உயரக் கதவு 1:76 அளவில் 26 மில்லிமீற்றர்; 1:87 அளவில் 23. இரண்டும் அருகருகே நின்றாற் பொய் வெளிப்படும். சிறியதைப் பின்னே நிறுத்தினாலோ, தொலைவென்னும் தோற்றம் பிறக்கும். மாணவர்காள், வகுப்பிற் கற்ற விகிதம் இவ்வாறே கைக்கு வருகின்றது.

பிரிக்கப்படாத பழம் பெட்டிகளை அறுத்தல் தகாதென்பார் கூற்றை மறுக்கோம். அவை காப்பாளர்க்கு உரியன. உடைந்து கிடப்பனவற்றுக்கோ அவ்விலக்கு இல்லை.

ஒரே பெட்டியை வாங்கிய நூறு பேர்க்கும் ஒரே நிலையமே கிட்டும். அறுத்து ஆக்கியவனுக்கோ, வேறெங்குங் காணாத தன் ஊர் கிட்டும்.