தங்கமீனைக் கொன்றது திருஷ்டியா?

"வீட்டுக்கு வரவிருந்த கெடுதலை மீன் தன் தலையில் வாங்கிக்கொண்டு போய்விட்டது." தொட்டியில் தங்கமீன் செத்து மிதக்கும்போது நம் ஊரில் சொல்லப்படும் ஆறுதல் மொழி இது. கேட்பதற்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் மீனைச் சாகவிட்ட நாமே அதற்குத் தியாகிப் பட்டம் சூட்டித் தப்பித்துக்கொள்வது நியாயமா?

ஃபேர்லேண்ட்ஸில் மாலை நேரங்களில் நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் வீட்டில், சிறு தொட்டியில் ஓராண்டாக நலமாயிருந்த ஐந்து தங்கமீன்களைக் கூடத்தில் புதிதாக வைத்த மூன்றடித் தொட்டிக்கு மாற்றினார்கள். பழைய பஞ்சு, கூழாங்கல் எல்லாவற்றையும் அழுக்கென்று வீசிவிட்டார்கள். இரண்டு வாரத்திற்குள் மூன்று மீன்கள் மாண்டன. திருஷ்டி கழிந்தது என்றனர் பெரியவர்கள். ஆறாம் வகுப்புச் சிறுவன் என்னிடம் கேட்டான்: "மீதி இரண்டும் எங்களுக்காகச் செத்துப் போகுமா அண்ணா?" அக்கேள்விக்கு விடை கூறுவது அறிவியல் பயிலும் நம் கடமையன்றோ?

விடை நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. தங்கமீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. உண்ணாது விட்ட தீனி அழுகினாலும் அதுவே உண்டாகும். அதை நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவாகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுபவை இருவகை பாக்டீரியாக்கள். மண்ணில் இவை செய்யும் வேலையை 1890-ஆம் ஆண்டையொட்டி ரஷ்ய அறிஞர் விநோகிராட்ஸ்கி விளக்கிக் காட்டினார். தேர்வுக்காக நைட்ரஜன் சுழற்சியை எத்தனை முறை வரைந்திருக்கிறோம்! அச்சுழற்சியேதான் மீன் தொட்டியிலும் நடைபெறுகிறது.

பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியிருந்தவை இந்த பாக்டீரியாக்களே. புதுத் தொட்டியின் நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். ஆனால் இவை அதில் இரா. தாமாகப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் மீன் தன் கழிவாலேயே நஞ்சூட்டப்படுகிறது. தண்ணீரின் தன்மையும் இதில் சேர்ந்துகொள்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 உள்ள நீரில், அம்மோனியாவின் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பி.எச். 8 ஆனால் அது ஐந்து பங்கைத் தாண்டும். வெயில் ஏற ஏற நச்சு மிகும். நீரில் கரையும் ஆக்ஸிஜனோ குறையும். சேலத்துச் சித்திரை மாதத்தை எண்ணிப் பாருங்கள்!

வழி எளிது. பாலைத் தயிராக்க நம் தாய்மார்கள் உறைமோர் ஊற்றுகிறார்கள் அல்லவா? புதுத் தொட்டிக்கும் உறைமோர் உண்டு. பழைய வடிகட்டிப் பஞ்சுதான் அது. அதைக் குழாய்நீரில் கழுவாமல், காயவும் விடாமல், மீன்களை மாற்றும் அன்றே புது வடிகட்டியில் வைக்க வேண்டும். குழாய்நீரில் உள்ள குளோரின், மீனின் செவுளையும் அரிக்கும், பாக்டீரியாவையும் கொல்லும். நீரை ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கும். ஆய்வகத்தில் அயோடின் தரம்பார்த்தலுக்கு எடுக்கிறோமே, அந்த சோடியம் தயோசல்பேட் மீன் கடையிலும் குளோரின் நீக்கியாகக் கிடைக்கும். மீன் உள்ள பையைப் புது நீரில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு அந்த நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, அதன் பின்னரே மீனை விட வேண்டும். முதல் சில வாரங்கள் தீனியைக் குறைத்து, அவ்வப்போது கால்பங்கு நீரை மாற்றினால் போதும்.

"ஒரு மீனுக்காக இவ்வளவு பாடா?" எனச் சிலர் நகைக்கலாம். தங்கமீன் சில மாதத்து விளையாட்டுப் பொருள் அன்று. இங்கிலாந்தில் டிஷ் என்னும் தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999-இல் இறந்தது. நன்கு பேணினால் பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடிய உயிரைப் பத்தே நாளில் இழந்துவிட்டுத் திருஷ்டி என்பது, காரணத்தைத் தேடும் வாசலை அடைப்பதாகும். அடுத்த மீனும் அவ்வாறே சாகும்.

என் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். வகுப்பறையில் கேட்டதை வீட்டுத் திண்ணையில் சொல்லத் தயங்கினால், நான் படித்து என்ன பயன்? மாணவ நண்பர்களே, பெரியவர்களை எள்ளி நகையாட வேண்டாம். உறைமோரைக் காட்டிச் சொல்லுங்கள். அவர்களுக்கு நம்மைவிட விரைவாகப் புரியும்.