நட்சத்திர தோஷம்!

கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது நட்சத்திரம் பார்த்தோம். மீன் தொட்டிக்குக் கல் வாங்கியபோது பார்க்கவில்லை. அங்கேதான் தப்பு நடந்துவிட்டது!

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கடல்நீர்த் தொட்டி உண்டு. அதில் இரண்டு கோமாளி மீன்கள். நண்பன் ஒருவன் தன் தொட்டியைக் கலைத்தபோது, அதில் ஊறிக் கிடந்த செயற்கைக் கல் ஒன்றை "வெச்சுக்கடா" என்று கொடுத்தான். ஓசி என்றால் நமக்குத்தான் கை நீளுமே!

சில வாரத்தில் கண்ணாடியில் சுண்டுவிரல் நகம் சைஸில் ஒரு வெள்ளை நட்சத்திர மீன். "ஐ, அழகா இருக்கே!" என்றாள் மனைவி. ஆறு மாதம் கழித்து எண்ணினேன். 31! பஞ்சாங்கத்திலேயே மொத்தம் 27-தானே ஸ்வாமி!

இதற்கு ஆஸ்டெரினா என்று பெயர். கல்லோடு ஒட்டிக்கொண்டு வித்தவுட் டிக்கெட்டில் வந்து சேரும். ஜோடி தேடாது, ஜாதகம் கேட்காது. தன் உடம்பைத் தானே இரண்டாகப் பிய்த்துக்கொள்ளும். ஒவ்வொரு பாதியும் மிச்சக் கைகளை முளைக்கவைத்து முழு மீனாகிவிடும். அதனால்தான் பாதிக் கைகள் நீளம், பாதி குட்டை. இதைப் போய் பிளேடால் நறுக்கினால் அதற்குப் பிரசவம் பார்த்த மாதிரி!

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் டார்ச்சும் இடுக்கியுமாக வேட்டையாடினேன். பத்து எடுத்தால் பதினைந்து நாளில் பத்து வந்தது. செம்பு மருந்து ஊற்றலாம் என்றால் நத்தை, இறால் எல்லாம் சேர்ந்து பரலோகம் போய்விடும்.

கொளத்தூர் மீன் கடைக்கு ஓடினேன்.

"ஹார்லெக்வின் இறால் விடுங்க சார். நட்சத்திர மீனைத் தவிர வேற எதையும் தொடாது" என்றார் கடைக்காரர்.

பி.காம். மூளை விழித்துக்கொண்டது. "எல்லாம் தீர்ந்துட்டா?"

"பட்டினிதான் சார். இல்லேன்னா நீங்க நட்சத்திர மீனா வாங்கிப் போட்டுக்கிட்டே இருக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. டெம்பரரி வேலை பார்த்தவன் நான். வேலை முடிந்ததும் "போய்ட்டு வாப்பா" என்றால் வயிறு எப்படி இருக்கும் என்று தெரியும். வேண்டாம் என்றேன்.

அவர் சிரித்தார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை தீனி போடறீங்க?"

"காலையில நான், மத்தியானம் வீட்ல, சாயங்காலம் பையன்..."

"அதான் சார்! மிச்சத் தீனி அழுகுது, பாசி பிடிக்குது. அதைத் தின்னு இது பெருகுது. பவளத்தைக் கடிக்கிற ரகமும் உண்டுன்னு சொல்வாங்க. உங்ககிட்டதான் பவளம் இல்லையே!"

எப்படி இருக்கும்? பாறைப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. வீட்டில் வைக்க ஆசைப்பட்டால் நாம் உள்ளே போக வேண்டியதுதான்.

ஆக, நட்சத்திரங்களைக் கூப்பிட்டு இலை போட்டதே நான்தான்! மறுநாளிலிருந்து ஒரு வேளைத் தீனி, அதுவும் மீன்கள் இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவு. வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீர் மாற்றம். கண்ணில் பட்டதை இடுக்கியால் எடுப்பதும் தொடர்ந்தது. மூன்று மாதத்தில் எட்டாகக் குறைந்தது. அந்த எட்டும் கண்ணாடியைச் சுத்தம் செய்துகொண்டு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெற்றிப் பெருமிதத்தோடு மனைவியிடம் சொன்னேன்: "பார்த்தியா, தீனியைக் குறைச்சா எல்லாம் தானா குறையும்!"

என் தொந்தியை ஒரு முறை பார்த்துவிட்டு, தட்டிலிருந்த மூன்றாவது வடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.